மாசம் 2500 ரூபாயில் மூணு வேளை: வேலூரில் ரூம் எடுத்துப் படிக்கிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

அணைக்கட்டுக்காரி
எல்லாருக்கும் வணக்கம். வேலூரில் அரசுக் கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறேன். ஓட்டேரி பக்கம் நாங்கள் மூணு பெண்கள் சேர்ந்து ஒரு ரூம் எடுத்திருக்கிறோம். சாப்பாட்டுக்கு ஆளுக்கு மாசம் 2500 ரூபாய். அதில் 1000 அரசின் புதுமைப்பெண் திட்டப் பணம், மிச்சம் வீட்டில் கொடுப்பது. அதற்கு மேல் கேட்க முடியாது. அரிசி மட்டும் ஊரிலிருந்து வந்துவிடும். ஒரு சின்ன கேஸ் அடுப்பு, மூணு லிட்டர் குக்கர், தோசைக்கல், இரண்டு பாத்திரம். இவ்வளவு தான் சாமான்.

காலையில் அவசரம், டீயும் பன்னும். மதியம் டப்பாவில் தக்காளி சாதமோ புளி சாதமோ. நாலு மணிக்குக் கல்லூரி விட்டு வரும்போது பசி காதை அடைக்கிறது. பஸ் ஸ்டாப்பில் பஜ்ஜி, சமோசா, பானிபூரி என்று கையில் இருப்பது கரைந்துவிடுகிறது. 20ஆம் தேதிக்கு மேல் சோறும் ஊறுகாயும் தான். போன வாரம் கல்லூரியில் முகாம் போட்டு ரத்தம் பார்த்தார்கள். எனக்கு ஹீமோகுளோபின் 9.8. "நல்லா சாப்பிடும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நல்லா என்றால் எதை? யூடியூபில் பாதாம், அவகாடோ, ஓட்ஸ் என்கிறார்கள். அதெல்லாம் எங்களுக்கு ஆகாது. இந்தக் காசுக்குள் முடிகிற மாதிரி யாராவது சொல்லுங்கள்.

காட்பாடி டம்பெல்
சிஸ்டர், உங்களுக்கு புரோட்டீன் பத்தவில்லை. வே புரோட்டீன் பவுடர் டப்பா ஒன்று வாங்கி மூணு பேரும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். தினம் ஒரு ஸ்கூப், 24 கிராம் வந்துவிடும். மற்றது தன்னால் சரியாகும்.

கணக்குப்பிள்ளை
தம்பி, அந்தப் பொண்ணு 2500 ரூபாயில் மாசத்தை ஓட்டணும் என்கிறாள். நீங்கள் டப்பாவிலேயே பாதியை முடிக்கப் பார்க்கிறீர்கள்.

புரோட்டீன் குறைவு என்பது மட்டும் சரியாக இருக்கலாம். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் சொன்ன அளவு, உடம்பு எடையில் ஒரு கிலோவுக்கு நாளைக்கு 0.83 கிராம் புரதம். 50 கிலோ இருக்கிற பெண்ணுக்கு 42 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு 250 கிராம் அரிசி வேகவைத்துச் சாப்பிட்டால் அதிலேயே 19 கிராம் கிட்ட வந்துவிடும். அரிசியில் புரதமே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள், அது தப்பு. ஆனால் அரிசிப் புரதத்தில் லைசின் என்கிற அமினோ அமிலம் குறைவு. பருப்பு, பயறில் அது தாராளமாக இருக்கிறது. சோற்றோடு பருப்பு போட்டுப் பிசைந்தால் ஒன்றின் குறையை ஒன்று ஈடுகட்டும். துவரம்பருப்போ காராமணியோ 50 கிராமில் 11 கிராம். வேர்க்கடலை ஒரு கைப்பிடி, 30 கிராம், அதில் 7. ஒரு முட்டை 6. கூட்டிப் பாருங்கள், 43. கணக்கு முடிந்தது.

இந்தப் பருப்பு, கடலை, முட்டை மூன்றுக்கும் சேர்த்து என்ன ஆகும்? கடைக்குக் கடை, வாரத்துக்கு வாரம் விலை மாறும், ஆனாலும் சுமார் 20 ரூபாய்க்குள் அடங்கிவிடும். இப்போது நீங்கள் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் ஒரு டீ, இரண்டு பஜ்ஜிக்குக் கொடுக்கிற காசை நினைத்துப் பாருங்கள்.

நான் சொல்ல வருவது பஜ்ஜியை விடு என்ற உபதேசம் இல்லை. நாலு மணிப் பசி மதிய டப்பாவில் இருந்து வருகிறது. புளி சாதத்தில் அரிசியும் எண்ணெயும் தான். சாப்பிட்டதும் வயிறு கனக்கும், மூணு மணிக்கெல்லாம் இறங்கிவிடும். அதே டப்பாவில் ஒரு அவித்த முட்டையோ ஒரு கரண்டி சுண்டலோ இருந்தால் வீடு வரைக்கும் தாங்கும். மாசக் கடைசியில் காசு தீர்ந்துபோவதற்குக் காரணம் உங்கள் மளிகைச் செலவு இல்லை. மதியம் செலவழிக்காத பத்து ரூபாய் சாயங்காலம் முப்பதாகப் போகிறது.

காட்பாடி டம்பெல்
வேர்க்கடலையில் கொழுப்பு நிறைய அண்ணே.

கணக்குப்பிள்ளை
பஜ்ஜியில் என்ன இருக்கிறது என்று நினைத்தீர்கள்?

பாகாயம் சிஸ்டர்
நான் நர்ஸ். ஹீமோகுளோபின் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன், அதை சாப்பாட்டுக் கணக்கோடு கலக்கக் கூடாது.

பாப்பா, பெண்களுக்கு 12க்குக் கீழே போனால் ரத்தசோகை. 11க்குக் கீழே வந்தால் மிதமான ரத்தசோகை என்போம். 9.8ஐ வெறும் கீரை சாப்பிட்டு ஏற்றிவிடலாம் என்று இருக்காதே, வெகு காலம் ஆகும். பக்கத்தில் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய் டாக்டரைப் பார். இரும்புச்சத்து மாத்திரை அங்கே காசில்லாமல் கொடுப்பார்கள், பூச்சி மாத்திரையும் கேட்டு வாங்கு. மாதவிடாய் அதிகமாகப் போகிறதா என்று கேட்பார்கள், கூச்சப்படாமல் சொல். மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும். பயந்துபோய் நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 வயதில் இருந்து 49 வயது வரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உனக்கு மட்டும் வந்த வியாதி இல்லை.

சாப்பாட்டில் இரண்டு விஷயம் பார்த்துக்கொள். ஒன்று டீ. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடி. மாத்திரைக்கும் அதே தான். இரண்டு, புளிப்பு. சுண்டல் மேல் அரை எலுமிச்சம்பழம் பிழி, இல்லையென்றால் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கொய்யா. வைட்டமின் சி சேர்ந்தால் பயறிலும் கீரையிலும் இருக்கிற இரும்பு நன்றாக ஏறும். ஆரஞ்சை விட கொய்யாவில் அது பல மடங்கு அதிகம், விலையும் பாதி கூட இருக்காது.

பீட்ரூட் ஜூஸ் குடிக்கச் சொல்லி நாலு பேர் வருவார்கள். பீட்ரூட் நல்ல காய் தான், ஆனால் 100 கிராமில் 1 மில்லிகிராம் இரும்பு கூடக் கிடையாது. நிறத்தைப் பார்த்து ரத்தம் என்று நினைத்துக்கொள்கிறோம். கொள்ளில் 8க்கு மேல் இருக்கிறது. அசைவம் சாப்பிடுவாய் என்றால் கோழி ஈரல், வாரம் ஒரு நாள் போதும்.

அணைக்கட்டுக்காரி
ரொம்ப நன்றி அக்கா. நாளைக்கே போகிறேன். நான் சாப்பிட்டதும் டீ குடிக்கிற ஆள் தான்.

குடியாத்தம் சித்தப்பா
அணைக்கட்டுப் பக்கம் பிறந்த பிள்ளை இப்படிக் கேட்கிறதே என்று இருக்கிறது. இலவம்பாடி உங்கள் பக்கம் தானே? அந்த முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். காம்பில் முள் குத்தும், ஆனால் ஒரு கொதியில் வெண்ணெயாக வெந்துவிடும். அதையும் மல்லாட்டையையும், அதாவது வேர்க்கடலையையும், போட்டு ஒரு குழம்பு, கூட ஒரு உருண்டை கேழ்வரகுக் களி. வட ஆற்காட்டில் இதைச் சாப்பிட்டுத் தான் ஏர் ஓட்டினார்கள். கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, எந்தத் தானியமும் பக்கத்தில் வராது.

களி கிண்டுவது பெரிய வித்தை இல்லை. ஒரு கை நொய்யைக் கழுவித் தண்ணீரில் போட்டுக் குழைய வேகவிடு. உப்பு போடு. மூணு பேருக்கு இரண்டு டம்ளர் கேழ்வரகு மாவை நடுவில் குவியலாகக் கொட்டு. கிளறாதே. அங்கே தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். மூடி போட்டு, தீயைக் குறைத்து, மாவு மேல் வரைக்கும் ஆவி ஏறுகிற வரை விடு. அப்புறம் இறக்கி வைத்து, பாத்திரத்தைக் காலில் பிடித்துக்கொண்டு துடுப்பால் அழுத்தி ஒரே பக்கமாகக் கிண்டு. தண்ணீரில் நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது, அது தான் பதம். உருண்டை பிடிப்பது அதற்குப் பிறகு. மிச்சமான களியைத் தண்ணீரில் போட்டு வை. காலையில் மோர் விட்டுக் கரைத்தால் கூழ், கடித்துக்கொள்ள வெங்காயம். பன்னும் டீயும் எதற்கு?

சத்துவாச்சாரி சாந்தி
சித்தப்பா, உங்கள் பேச்சு நன்றாக இருக்கிறது. ஆனால் காலை ஏழரைக்குப் பஸ் பிடிக்கிற பிள்ளை எப்போது காலில் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு கிண்டுவாள்? எங்கள் பாட்டி களி தின்றது ஆரோக்கியத்துக்காக இல்லை, அரிசி வாங்க வழியில்லாததால். தீபாவளி, பொங்கலுக்குத் தான் நெல்லுச் சோறு. அதை இப்போது எல்லாரும் காவியமாக்குகிறார்கள். அந்தக் காவியத்தைப் பாக்கெட்டில் போட்டுச் சிறுதானியக் கடையில் இரண்டு மடங்கு விலைக்கு விற்கிறார்கள். ஜவ்வாது மலைச் சாமை என்று எழுதி ஒட்டிவிட்டால் போதும்.

குடியாத்தம் சித்தப்பா
வழியில்லாமல் சாப்பிட்டார்கள் என்பது உண்மை, நான் மறுக்கவில்லை. எங்கள் வீட்டிலும் அது தான் கதை. ஆனால் வழியில்லாத காலத்தில் கண்டுபிடித்த சாப்பாடு, காசில்லாத பிள்ளைக்கு உதவாதா? பாக்கெட் வாங்கச் சொல்லவில்லை. முழுக் கேழ்வரகு வாங்கி, கழுவிக் காயப்போட்டு, மாவு மில்லில் கொடுக்கட்டும். அணைக்கட்டில் மில்லா இல்லை? ஊருக்குப் போகும்போது அரைத்துக்கொண்டு வரலாம். நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023இல் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். அது மாதிரி எல்லா மாவட்டத்துக்கும் கொடுத்தால் இந்தப் பாக்கெட் வியாபாரம் படுத்துவிடும்.

சத்துவாச்சாரி சாந்தி
சரி, இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேலை நாளில் களி வேண்டாம். மாவில் வெங்காயம், ஒரு பிடி முருங்கைக்கீரை, உப்பு போட்டுப் பிசைந்து தோசைக்கல்லில் அடை தட்டினால் பத்து நிமிஷம். ராத்திரியே பிசைந்து வைக்காதே, கீரை தண்ணீர் விட்டுக்கொள்ளும். களி ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கட்டும்.

ஹாஸ்டல் மூணாவது மாடி
அடுப்பு இருக்கிறவர்கள் பேசுகிறீர்கள். எங்களுக்கு அடுப்பும் கிடையாது, கெட்டிலைக் கூட வார்டன் எடுத்துக்கொண்டு போய்விடுவார். மெஸ்ஸில் சாம்பாரில் பருப்பைத் தேடணும். மெஸ் கட்டணம் முன்பணமாகக் கட்டியாகிவிட்டது. நாங்கள் என்ன செய்ய?

தோட்டப்பாளையம் மெஸ்காரர்
பருப்பைத் தேடணும் என்று தம்பி சொன்னதும் எழுதத் தோன்றியது. ரொம்ப நாள் மெஸ் நடத்தியவன். உள்ளே நடப்பதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு சாப்பாட்டில் எங்களுக்கு மலிவானது சோறும் ரசமும். அதனால் தான் சோறு எவ்வளவு வேண்டுமானாலும் என்று போர்டு எழுதுகிறோம். கையைக் கடிப்பது பருப்பு, எண்ணெய், காய். துவரம்பருப்பு விலை ஏறினால் நான் சாப்பாட்டு விலையை ஏற்ற முடியாது. பக்கத்து மெஸ்ஸுக்குக் கூட்டம் போய்விடும். அப்போது என்ன செய்வோம்? பருப்பைக் குறைத்து, பரங்கிக்காயைக் கரைத்து, கெட்டியாகக் காட்டுவோம். பன்னிரண்டு மணிக்கு வருகிறவனுக்குக் கிடைக்கிற சாம்பார் வேறு, இரண்டரைக்கு வருகிறவனுக்குக் கிடைக்கிற சாம்பார் வேறு. ஆகவே முதல் யோசனை, சீக்கிரம் போ. அண்டாவின் அடியில் பருப்பு இருக்கும் என்று சிலர் கடைசியில் வருவார்கள். அடி வருவதற்குள் நாங்கள் இரண்டு முறை வெந்நீர் விட்டிருப்போம்.

இரண்டாவது, மாச டோக்கன் எடுக்கிறவர்கள் பேரம் பேசலாம். "அண்ணே, எனக்கு இரண்டாவது சோறு வேண்டாம், அளவு சாப்பாடு போதும், அதற்குப் பதில் ஒரு முட்டை வையுங்கள்" என்று நாலைந்து பேர் சேர்ந்து கேட்டால் தனியார் மெஸ்ஸில் பெரும்பாலும் தலையாட்டுவார்கள். எங்களுக்கும் நஷ்டம் இல்லை. தனியாகக் கேட்டால் நடக்காது.

மூணாவது, ரூம் எடுத்திருக்கிற பெண்களுக்கு. வடிக்கிற சோற்றுக்கு மெஸ்ஸில் காசு கொடுக்காதீர்கள், அரிசி தான் ஊரிலிருந்து வருகிறதே. சமைக்க முடியாத நாளில் குழம்பும் கூட்டும் மட்டும் பார்சல் கேளுங்கள். சின்ன மெஸ்களில் தருவார்கள். ஒரு பார்சல் இரண்டு பேருக்கு வரும்.

குஸ்கா பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் மாசக் கடைசிப் பிள்ளைகளின் சாப்பாடு அது. பிரியாணி வாசனை இருக்கும், சேர்வா ஊற்றித் தருவார்கள், வயிறு நிரம்பும். உள்ளே அரிசி, எண்ணெய், மசாலா. ஒரு அவித்த முட்டை சேர்த்து வாங்கினால் சாப்பாடு, இல்லாவிட்டால் வெறும் வாசனை.

ஹாஸ்டல் மூணாவது மாடி
வெந்நீர் விஷயத்தை எங்கள் மெஸ் கமிட்டியில் படித்துக் காட்டப் போகிறேன்.

கணக்குப்பிள்ளை
ஹாஸ்டல் தம்பிக்கு அடுப்பில்லாத வழி. வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை இரண்டும் டப்பாவில் வை. கெடாது, வார்டனுக்கும் ஆட்சேபம் இருக்காது. பச்சைப்பயறை ராத்திரி ஊறவைத்து, காலையில் வடித்து ஈரத்துணியில் கட்டு. அடுத்த நாள் முளை வந்திருக்கும். நம் ஊர் வெயிலில் சீக்கிரமே வரும், அதே வேகத்தில் புளித்தும் போகும். மூக்கில் வைத்துப் பார், வாடை வந்தால் கொட்டிவிடு. இரண்டு வேளை அலசணும். பால் வாங்குவதானால் ஆவின் நீல பாக்கெட் போதும். அரை லிட்டர் 20 ரூபாய். ஆரஞ்சு பாக்கெட் 30. புரதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்று தான், கூடுதல் காசு கொழுப்புக்குப் போகிறது.

காட்பாடி டம்பெல்
சோயா சங்க்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லை. 100 கிராமில் 50 கிராமுக்கு மேல் புரோட்டீன். வே டப்பா பேச்சை விட்டுவிடுகிறேன், இதையாவது கேளுங்கள்.

சத்துவாச்சாரி சாந்தி
இது நல்ல யோசனை. வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை நன்றாகப் பிழிந்தால் அந்தப் பச்சை வாடை போகும். அப்புறம் மிளகுத்தூள் போட்டு வறுத்தால் மீல் மேக்கர் என்றே தெரியாது.

பேர்ணாம்பட்டு பாய்
அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்டுக்கறி விலையைப் பார்த்து அசைவமே வேண்டாம் என்று ஒதுங்காதீர்கள். எங்கள் பக்கம், ஆம்பூர், வேலூர் எல்லாம் மாட்டுக்கறி ஆட்டுக்கறியை விட வெகு மலிவு. கால் கிலோ வாங்கி, குக்கரில் மிளகு, இஞ்சி போட்டு நாலைந்து விசில் கூடுதலாக விட்டால் மூணு பேருக்கு வரும். சாப்பிடாதவர்களுக்கு அக்கா சொன்ன கோழி ஈரல் இருக்கிறது. கறிக்கடையில் ஈரலைத் தனியாகக் கேளுங்கள், கோழிக்கறியை விடக் குறைவாகவே போடுவார்கள். வாங்கிய அன்றைக்கே சமைக்கணும். ஃபிரிட்ஜ் இல்லாத ரூமில் மறுநாள் வரைக்கும் வைக்காதீர்கள்.

நெத்திலிக் கருவாடும் உண்டு. கத்திரிக்காயோடு போட்டால் ஒரு கைப்பிடியில் ஒரு சட்டிக் குழம்பு. வீட்டு ஓனரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், வாசனை மாடி வரைக்கும் போகும்.

சத்துவாச்சாரி சாந்தி
வீட்டு ஓனர் விஷயம் சும்மா இல்லை பாய். ரூம் கொடுக்கும்போதே "நான்வெஜ் கூடாது" என்கிறவர்கள் இருக்கிறார்கள். முட்டை அவித்தாலே முகம் சுளிக்கிறார்கள். சத்து பற்றிப் பேசும்போது இதையும் கணக்கில் சேர்க்கணும். மலிவான புரதத்தில் பாதியை வாடகை ஒப்பந்தமே எடுத்துவிடுகிறது.

அணைக்கட்டுக்காரி
எங்கள் ஓனர் பாட்டி முட்டைக்குச் சம்மதம், கறிக்கு மாட்டேன் என்றார். ஈரல் கறியில் சேர்த்தியா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

அம்மா உணவகம் பற்றி யாராவது சொல்லுங்களேன். என் ரூம்மேட் தினமும் காலையில் அங்கேயே போகலாம் என்கிறாள்.

பாகாயம் சிஸ்டர்
தாராளமாகப் போகலாம். 2013இல் சென்னையில் தொடங்கியபோது வைத்த விலை இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. நாலு இட்லி 4 ரூபாய் என்றால் பன்னும் டீயும் அதை விட அதிகம். உளுந்து சேர்ந்த மாவு, ஆவியில் வெந்தது. காலைச் சாப்பாடே இல்லாமல் ஓடுவதற்கு அது எவ்வளவோ மேல். அங்கே கூச்சப்பட ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், கூலிக்குப் போகிறவர்கள், படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் தான் நிற்கிறார்கள். காயும் பருப்பும் குறைவு, அதை மதியத்தில் பார்த்துக்கொள்.

தோட்டப்பாளையம் மெஸ்காரர்
வியாபாரப் போட்டி என்று பார்த்தால் நான் வேண்டாம் என்று சொல்லணும். ஆனால் இந்த விலையில் யாராலும் போட முடியாது, போகட்டும். கையில் ஒரு அவித்த முட்டையோடு போகட்டும்.

டோல்கேட் காலை ஆறு மணி
காய் பற்றி யாரும் பேசவில்லையே. டோல்கேட் உழவர் சந்தை இருக்கிறது, காகிதப்பட்டறையில் இருக்கிறது, காட்பாடியில் இருக்கிறது. விலைப் பலகையை முதலில் படியுங்கள், பிறகு வாங்குங்கள். விடிகாலையில் போனால் காய் நன்றாக இருக்கும். கடை கட்டுகிற நேரத்துக்குப் போனால் விவசாயிகள் மிச்சத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போக மனமில்லாமல் கூறு கட்டிக் கொடுத்துவிடுவார்கள். சனி, ஞாயிறு உங்களுக்கு அந்த நேரம் தோது. நேதாஜி மார்க்கெட்டிலும் சாயங்காலம் அப்படித் தான். ஆனால் அங்கே கூறில் அடியில் இருப்பதைப் புரட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

கீரை தினமும் ஒரு கட்டு. இதில் கஞ்சம் வேண்டாம். கணக்குப்பிள்ளை சொன்ன தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் போட்ட வழிகாட்டியில் ஒரு நாளைக்குக் காயும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம் என்கிறார்கள். 400 கிராம் எந்த மாணவனும் சாப்பிடுவதில்லை, நானும் ஒத்துக்கொள்கிறேன். பாதி சாப்பிட்டாலே இப்போது இருப்பதை விடப் பரவாயில்லை. தொய்யக்கீரை, பண்ணைக்கீரை என்று ஊர்ப்பக்கத்துப் பாட்டிகள் கூடையில் கொண்டுவருவதை வாங்குங்கள். பாலக் வாங்குகிற காசில் இரண்டு கட்டு வரும். கீரையைப் பருப்போடு போட்டுக் கடைந்தால் சாதத்துக்கு வேறு குழம்பே வேண்டாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. மலிவு என்று ஐந்து கிலோ தக்காளி வாங்கி வைக்காதீர்கள். ஏப்ரல், மே மாதத்தில் வேலூர் ரூமில் தக்காளி இரண்டு நாள் நிற்காது.

சத்துவாச்சாரி சாந்தி
சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருக்களையும் பாருங்கள். வங்காளத்தில் இருந்தும் வடகிழக்கில் இருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் லாட்ஜில் தங்கி அங்கேயே சமைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்காகவே அந்தக் கடைகளில் எல்லாம் சின்ன அளவில் கிடைக்கும். நூறு கிராம் பருப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள் தூள், பத்து ரூபாய்க்கு எண்ணெய். மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது மளிகை வைக்க இடம் இருக்கிறவர்களுக்கு. மூணு பேர் ரூமில் வண்டு விழுந்து போகிற ஐந்து கிலோவை விட அரை கிலோ தான் மலிவு.

அணைக்கட்டுக்காரி
எல்லாவற்றையும் படித்துவிட்டு நாங்கள் மூணு பேரும் உட்கார்ந்து பேசினோம். காலையில் முறை வைத்து ஒருத்தி மட்டும் எழுந்து முட்டை அவித்து, கடலையோ காராமணியோ சுண்டல் செய்து டப்பாவில் போடுவது. சாயங்காலம் டீ மட்டும் வெளியில், சாப்பாட்டுக்குப் பிறகு கிடையாது. ராத்திரி கீரையும் பருப்பும். பால் மூணு பேருக்கு அரை லிட்டர். வெள்ளிக்கிழமை பஜ்ஜி உண்டு, அதை என் ரூம்மேட் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறாள்.

ஒரு சந்தேகம். எங்கள் ரூமில் பருப்பு எவ்வளவு விசில் விட்டாலும் முழுசாகக் கல் மாதிரியே நிற்கிறது. காராமணி அதை விட மோசம். இதனாலேயே பருப்பு வைக்கிற வழக்கம் போய்விட்டது. கேஸும் வீணாகிறது.

தோட்டப்பாளையம் மெஸ்காரர்
எந்தத் தண்ணீரில் வேகவைக்கிறீர்கள்? போர் தண்ணீரா?

அணைக்கட்டுக்காரி
ஆமாம், மேல் தொட்டித் தண்ணீர். பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும்.

தோட்டப்பாளையம் மெஸ்காரர்
அது தான் காரணம். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது, நீங்கள் பத்து விசில் விட்டாலும் தோல் இறுகிக்கொள்ளும். வேகவைக்க மட்டும் குழாயில் வருகிற காவிரித் தண்ணீர் பிடித்து வையுங்கள். இல்லை, குடிக்க வாங்குகிற கேனில் இருந்து இரண்டு டம்ளர் எடுங்கள். கழுவுவதற்குப் போர் தண்ணீர் போதும். துவரம்பருப்பை அரை மணி நேரம் ஊறவையுங்கள், காராமணி, கொள்ளு ராத்திரி முழுக்க. புளியும் தக்காளியும் பருப்பு வெந்த பிறகு தான். முன்னால் போட்டால் அதுவும் வேகவிடாது. இப்படிச் செய்தால் மூணு விசிலில் மசியும்.

கேஸுக்கு முகவரிச் சான்று இல்லாமல் அவதிப்பட்டால், 5 கிலோ சின்ன சிலிண்டர் பெட்ரோல் பங்க்கிலும் கேஸ் ஏஜென்சியிலும் கிடைக்கும். ஏதாவது ஒரு அடையாள அட்டை போதும். பெரிய சிலிண்டரில் இருந்து தெருவில் ஏற்றிக் கொடுக்கிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள், அது ஆபத்து.

ஹாஸ்டல் மூணாவது மாடி
மெஸ்காரர் அண்ணே, எங்கள் ஹாஸ்டல் மெஸ்ஸிலும் போர் தண்ணீர் தான். அப்போது சாம்பாரில் பருப்பு தென்படாததற்கு அதுவும் காரணமாக இருக்குமா?

தோட்டப்பாளையம் மெஸ்காரர்
இல்லை தம்பி. வேகாத பருப்பு என்றால் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். உங்கள் மெஸ்ஸில் போடவே இல்லை.